ரோமில் கப்பல் ஏறும் நாளன்றே விமானத்தில் போய் இறங்கலாமா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா, அம்மாவுக்குத் திருமணமாகி இந்த ஆண்டோடு 50 ஆண்டுகள் நிறைகின்றன. அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயதிலிருந்தே வெளிநாட்டுத் தபால்தலைகளைச் சேர்த்து வருகிறார்; இத்தாலிக்கும் கிரீஸுக்கும் தனித்தனி ஆல்பம் வைத்திருக்கிறார். அந்த நாடுகளை அவர் நேரில் பார்க்க வேண்டும் என்று நானும் என் கணவரும் ஒரு கப்பல் பயணத்தை முன்பதிவு செய்துவிட்டோம். மொத்தம் 7 இரவுகள். அக்டோபர் 18 ஞாயிறு மாலை 6 மணிக்குக் கப்பல் கிளம்புகிறது. மறுநாள் மெசினா, பிறகு ஒரு நாள் முழுக்கக் கடல், அதன்பின் துருக்கியின் குசாதாசி, கிரீஸின் சாண்டோரினி, மீண்டும் ஒரு நாள் கடல், பிறகு நேப்பிள்ஸ். 25 ஞாயிறு காலை கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வருகிறது.

விளம்பரத்தில் ‘ரோம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பணம் கட்டியபின் வந்த சீட்டில் ‘சிவிட்டாவெக்கியா’ என்று இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ரோம் நகரத்துக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையே நல்ல தூரம் தெரிகிறது.

விமானம்தான் இப்போது பாக்கி. எங்களுக்கு மூன்று வழிகள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது: சென்னையிலிருந்து 18 அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, தோஹாவில் மாறி, அன்றே மதியம் 1.10க்கு ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையம். போகவும் வரவும் ஒரே டிக்கெட். திரும்பும்போது 25ஆம் தேதி காலை 11.20 விமானமும் இருக்கிறது, மாலை 4.15 விமானமும் இருக்கிறது.

இரண்டாவது: ஃபிராங்க்பர்ட் வழியாக 17ஆம் தேதி மதியமே ரோம். ஆனால் திரும்பும் நாளில் ரோமிலிருந்து காலை 7 மணிக்கே விமானம்.

மூன்றாவது: திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து ரோமுக்கு வேறு நிறுவனத்தின் தனி டிக்கெட். நான்கு பேருக்கும் சேர்த்து ரூ.60,000 மிச்சமாகிறது. சென்னைக்குப் போகும் அலைச்சலும் இல்லை.

அப்பாவுக்கு 76 வயது, மூட்டுவலி. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும். அம்மா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். கப்பல் நிறுவனத்தின் செக்-இன் மாலை 4.30க்கு மூடப்படும் என்று எழுதியிருக்கிறார்கள். 1.10க்கு இறங்கினால் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே, போதாதா என்று கணவர் கேட்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

—

முத்துநகர்க் கடலோடி எழுதியது:

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகள் பயணிகள் கப்பல்களில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவன் நான். இப்போது தூத்துக்குடியில் இருக்கிறேன். சிவிட்டாவெக்கியா எங்கள் கப்பல் வாரந்தோறும் ஆள் ஏற்றி இறக்கிய துறைமுகம். நேராகவே சொல்கிறேன்: முதல் வழியை எடுங்கள், ஆனால் ஒரு நாள் முன்னதாக. அதே விமானத்தில் 17ஆம் தேதி போய் இறங்குங்கள். 18ஆம் தேதி இறங்க வேண்டவே வேண்டாம்.

உங்கள் கணவரின் மூன்று மணி நேரக் கணக்கை நடைமுறையில் வைத்துப் பார்ப்போம். 1.10 என்பது சக்கரம் தரையைத் தொடும் நேரம். சக்கர நாற்காலி கேட்டவர்களைக் கடைசியாகத்தான் இறக்குவார்கள். அது அவர்கள் பத்திரத்துக்காக, குறை சொல்ல முடியாது. ஆக, விமானத்தை விட்டு வெளியே வரவே 1.40 ஆகும். தோஹா வழியாக வருவதால் ஐரோப்பாவுக்குள் நுழையும் குடியேற்றச் சோதனை உங்களுக்கு ரோமில்தான் நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் முதல்முறை நுழைகிறவர்களின் முகத்தைப் படம் எடுத்துப் பதிகிறார்கள். இரண்டு மூன்று பெரிய விமானங்கள் சேர்ந்து இறங்கிவிட்டால் அந்த வரிசையில் ஒரு மணி நேரம் போவது சாதாரணம். பிறகு பெட்டிகள். கார் ஏறும்போது மணி மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூமிசினோவிலிருந்து துறைமுகம் சுமார் 65 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். துறைமுக வாசலில் மணி நான்கு. மீதி இருப்பது அரை மணி நேரம். எல்லாமே ஒழுங்காக நடந்தால்தான் இந்த அரை மணி நேரமும். தோஹாவிலிருந்து விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் அதுவும் போய்விடும்.

கப்பல் ஏன் காத்திருக்காது என்று பலர் கோபப்படுவார்கள். பத்து நிமிடம் பொறுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கேப்டனுக்கு மனம் இல்லாமல் இல்லை. துறைமுகத்தை விட்டுக் கப்பலை வெளியே வழிநடத்த வரும் பைலட், கயிறு அவிழ்க்கும் ஆட்கள், சில நாட்களில் இழுவைப் படகுகள், எல்லாம் நேரம் குறித்துப் பதிவானவை. மறுநாள் காலை மெசினாவில் கப்பலுக்கு ஒதுக்கிய இடத்துக்கும் நேரம் உண்டு. இங்கே இழந்த ஒரு மணி நேரத்தைக் கடலில் வேகம் கூட்டி ஈடுகட்ட வேண்டுமானால் எரியும் எரிபொருளின் செலவு பெரிது. அதனால் கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த பஸ் வழியில் மாட்டிக்கொண்டால் காத்திருப்பார்கள். தனியாக வருகிற நான்கு பேருக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு மாலை நடந்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். ஏணிப் பாலத்தை உள்ளே இழுத்தாகிவிட்டது. கரையில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஒரு தம்பதி, கூடவே இரண்டு பிள்ளைகள். அந்த அம்மா சீட்டைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இடைவெளி பத்தடிதான் இருக்கும், ஆனால் கயிறுகள் அவிழ்ந்துவிட்டன. மேல்தளத்தில் இருந்தவர்கள் சிலர் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் விமானம் அன்று மதியம்தான் தரையிறங்கியது என்று பிறகு துறைமுகத்தில் இருந்த எங்கள் கப்பல் நிறுவன ஏஜென்ட் சொன்னார். அப்பாவை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நீங்கள் அப்படி ஒரு கரையில் நிற்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெட்டி விஷயமும் இருக்கிறது. நீங்கள் சரியாக வந்து சேர்ந்து பெட்டி மட்டும் தோஹாவில் தங்கிவிட்டது என்று வையுங்கள். 17ஆம் தேதி இறங்கினால் அது 18 காலை அடுத்த விமானத்தில் வர வாய்ப்பு உண்டு. 18ஆம் தேதி இறங்கினால் கப்பல் போய்விடும், பெட்டி மெசினாவுக்கும் துருக்கிக்கும் உங்களைத் துரத்திக்கொண்டு அலையும். பயணம் முடியும் நாளில்தான் பெட்டியைப் பார்த்தவர்கள் உண்டு. எப்படியிருந்தாலும் இன்சுலின், மருந்துச் சீட்டு, இரண்டு நாள் உடை, இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினைச் சரக்கு அறைக்கு அனுப்பவே கூடாது; அங்கே அது உறைந்து வீணாகலாம்.

மூன்றாவது வழியைப் பற்றி டிக்கெட் வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும். என் பார்வையில் ரூ.60,000க்கு அது ஆபத்தான பேரம்.

—

அடையாறு_பயணி எழுதியது:

கடலோடி ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எப்போதும் ஒரு நாள் முன்னால் போக வேண்டும் என்பதில்லை. நாங்கள் சிங்கப்பூரில் கப்பல் ஏறியது இறங்கிய அன்றேதான். சென்னையிலிருந்து நேர் விமானம், நான்கு மணி நேரப் பயணம். காலையில் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அங்கேயே உள்ள ஜுவல் வளாகத்தில் சாப்பிட்டு, டாக்சி பிடித்து மரீனா பே குரூஸ் சென்டருக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விட்டோம். மரீனா சவுத் பியர் மெட்ரோ ரயில் நிலையமே பக்கத்தில் இருக்கிறது. ஓர் இரவு ஓட்டல் செலவு நால்வருக்குச் சிறிய தொகையா?

—

முத்துநகர்க் கடலோடி எழுதியது:

சிங்கப்பூர் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். நேர் விமானம், அதிகாலையில் இறங்குவது, நகரத்துக்குள்ளேயே துறைமுகம். ஒரு விமானம் ரத்தானாலும் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வேறு விமானம் கிடைக்கும். சகோதரியின் பயணத்தில் நடுவே ஒரு நாடு இருக்கிறது, இறங்கும் நேரம் மதியம், துறைமுகம் வேறு ஊரில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நடுவே இருக்கும் ஊரில் என்ன நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியது. தோஹாவுக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழையில் ஓடுபாதையே குளமானது. நம் பக்கமும் அப்படித்தான். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். அக்டோபர் மூன்றாவது வாரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். சகோதரி கிளம்புவது சரியாக அந்த வாசலில்.

இன்னொன்றும் கேட்கிறேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய் அதே துறைமுகத்துக்குத் திரும்பும்போது மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறோம். உங்கள் விசா பலமுறை நுழைவதற்கானதாக இருந்திருக்கும். சகோதரிக்கும் அதே கவலை உண்டு. குசாதாசி துருக்கியில் இருக்கிறது. கப்பல் அங்கே போகும்போது ஷெங்கன் பகுதியை, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, விட்டு வெளியேறுகிறீர்கள், சாண்டோரினியில் மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா கொடுத்துவிட்டால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். விண்ணப்பத்தில் பலமுறை நுழைவு என்று கேட்டு, கப்பல் போகும் ஊர்களின் பட்டியலையும் சேர்த்து வையுங்கள். அதிக நாட்கள் இத்தாலியில் என்பதால் இத்தாலி விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். துருக்கிக்குத் தனியாக என்ன காகிதம் வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது அவர்கள் சொல்வதுதான் செல்லும்.

—

எழும்பூர் டிக்கெட் மேசை எழுதியது:

சென்னையில் விமான டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன் அம்மா. மூன்றாவது வழியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். இரண்டு தனி டிக்கெட் என்றால் இரண்டு தனி ஒப்பந்தங்கள். திருச்சி விமானம் தாமதமானால் ரோம் விமானத்தின் நிறுவனத்துக்கு அதில் பொறுப்பே இல்லை. நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அந்த டிக்கெட்டின் பணமும் போனதுதான். அதைவிடப் பெரிய சிக்கல் பெட்டி. திருச்சியில் போட்ட பெட்டி ஷார்ஜா வரைதான் போகும். அங்கே குடியேற்றம் தாண்டி வெளியே போய், பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு உங்கள் நால்வருக்கும் அமீரக விசா வேண்டும். சுற்றுலாவுக்கான ஷெங்கன் விசா கையில் இருப்பது அதற்கு ஈடாகாது. விசாச் செலவையும் கூடுதல் பெட்டிக் கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள், ரூ.60,000இல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும்.

ஒரே பி.என்.ஆர். டிக்கெட்டில் தோஹா விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் உங்களை ஏற்றி ரோம் சேர்ப்பது அவர்கள் கடமை. ஆனால் ரோம் வரைதான். கப்பல் போய்விட்டது என்பது அவர்கள் கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி நீண்ட பயணத்தில் ஒருவருக்கு 600 யூரோ வரை நஷ்ட ஈடு என்று எங்காவது படித்திருப்பீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்தின் விமானத்தில் சென்னையிலிருந்து ரோமுக்குப் போகும்போது அந்த விதி பொருந்தாது. ரோமிலிருந்து திரும்பும்போது பொருந்தும். நீங்கள் அஞ்சுவது போகும் பயணத்தை என்பதால் அந்த விதியை நம்பி உட்கார முடியாது.

விசாவுக்காக 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுப்பீர்கள். குறைந்த விலைக் காப்பீடுகள் பலவற்றில் மருத்துவம் மட்டும்தான் இருக்கும். ‘இணைப்பைத் தவறவிடுதல்’, ‘பயணம் தடைபடுதல்’ என்ற பிரிவுகளைத் தேடிப் படியுங்கள். கப்பல் பயணம் அதில் சேருமா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு பணம் தருவார்கள், பெற்றோர் வயதுக்குத் தொகை குறைகிறதா, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கு என்ன விதி, இந்த நான்கையும் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

ஒரு சிறிய எச்சரிக்கை. 17 அதிகாலை 4 மணி விமானம் என்றால் 16 இரவே சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். தேதியைப் பார்த்துவிட்டு 17 இரவு வந்து நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். ரயில் டிக்கெட் போடும்போது இதை மனதில் வையுங்கள். இப்போது ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும்.

ஃபிராங்க்பர்ட் வழியில் எனக்குக் குறையில்லை. குடியேற்றச் சோதனை ஃபிராங்க்பர்ட்டிலேயே முடிந்துவிடும், ரோமில் உள்நாட்டுப் பயணி போல இறங்கி நடக்கலாம். ஆனால் 25ஆம் தேதி காலை 7 மணிக்கு ரோமில் விமானம் ஏறுவது நடக்காத காரியம். கப்பல் அப்போதுதான் கரையைத் தொட்டிருக்கும்.

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது வழியைக் கைவிட்டோம். 17ஆம் தேதி இறங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நாள் மாற்றியதில் டிக்கெட் விலையும் அதிகம் கூடவில்லை. இப்போது அந்த ஓர் இரவை எங்கே கழிப்பது என்பதில் பேச்சு ஓடுகிறது. வத்திக்கானுக்குத் தனியாகத் தபால்தலை உண்டு, அங்கே போய் வாங்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். அதனால் ரோமில் தங்கலாம் என்று நான் நினைக்கிறேன். நேரே துறைமுக ஊருக்கே போய்விடலாம் என்கிறார் கணவர். ரயிலில் போவது எளிதா?

—

பலெர்மோத் தமிழச்சி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், பல காலமாகச் சிசிலியில் பலெர்மோவில் குடும்பத்தோடு இருக்கிறேன். இங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரோமுக்கு வேலையாக அடிக்கடி போய் வருவதால் புகையிரதங்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

விமான நிலையத்திலிருந்து ரோம் தெர்மினி நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் என்று ஒன்று நில்லாமல் போகும், 32 நிமிடம், 14 யூரோ. சிவிட்டாவெக்கியாவுக்குப் போக அது தேவையே இல்லை. எல்லா இடத்திலும் நின்று போகும் எஃப்.எல்.1 வண்டியில் ஏறி ரோமா திராஸ்தேவெரேயில் இறங்கி மாறினால் போதும். அங்கிருந்து சிவிட்டாவெக்கியா வண்டி சான் பியேத்ரோ வழியாகப் போகும். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் ஏறுவதற்கு முன் மேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்க வேண்டாம். குத்தாமல் ஏறினால் சீட்டு இருந்தும் அபராதம் கேட்பார்கள். சிவிட்டாவெக்கியா நிலையத்திலிருந்து லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்துக்குப் பேருந்து உண்டு, அங்கிருந்து துறைமுகத்தின் இலவசப் பேருந்து கப்பலருகே கொண்டுபோய் விடும்.

இதெல்லாம் இளம் ஆட்களுக்கு. நான்கு பேர், பெரிய பெட்டிகள், அப்பாவின் முழங்கால், நடுவே ஒரு மாற்றம், கடைசியில் இரண்டு பேருந்து. நீங்கள் முன்பதிவு செய்த வாகனத்தில் போங்கள். நால்வரும் பகிர்ந்தால் தாங்கக்கூடிய செலவுதான்.

எனக்கு உள்ள பெரிய பயம் வேலைநிறுத்தம். இத்தாலியில் ஜூலை 27 முதல் செப்டெம்பர் 5 வரை விமானத்துறையில் வேலைநிறுத்தம் செய்ய அனுமதி இல்லை. அது முடிந்ததும் இலையுதிர் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர்ப் புகையிரதங்களை ஓட்டியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நீங்கள் கப்பல் ஏறுவதும் இறங்குவதும் ஞாயிறு. விமானங்களுக்கு எந்த நாளானாலும் காலை 7 முதல் 10, மாலை 6 முதல் 9 பாதுகாக்கப்பட்ட நேரம். உங்கள் மதிய விமானமும் 4.15 விமானமும் அதற்குள் வரவில்லை. நல்ல செய்தி என்னவென்றால் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம். போக்குவரத்து அமைச்சின் இணையத்தளத்தில் நாள்வாரியாகப் பட்டியல் போடுவார்கள். நிலையப் பலகையில் ‘ஷோப்பெரோ’ என்று கண்டால் அதுதான்.

அப்பாவின் தபால்தலை ஆசையைக் கேட்டு மனம் நெகிழ்ந்தது. ஆனாலும் இரவு முழுக்கப் பறந்து வந்து, அன்று பின்னேரமே வத்திக்கானில் கால்கடுக்க நிற்க வைக்க வேண்டாம். ஞாயிறு காலை போகலாம் என்றால், பாப்பரசர் நண்பகல் ஜன்னலில் தோன்றி ஆசி கூறும் நாள் அது. சதுக்கமும் சுற்றிய தெருக்களும் சனத்தால் நிறைந்திருக்கும். உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. முதல் இரவு சிவிட்டாவெக்கியாவில் கடற்கரை வீதியோரம் தங்குங்கள். மைக்கேலாஞ்சலோ பெயரில் பழைய கோட்டை ஒன்று துறைமுகத்தின் வாயிலிலேயே நிற்கிறது, அப்பா மெதுவாக நடந்து பார்க்கலாம். வத்திக்கானைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாக எடுக்க முடியுமா?

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

தங்கையே, நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். திரும்பும் விமானத்தை 26ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறோம். கணவரின் விடுப்பு அனுமதிக்காவிட்டால் 25ஆம் தேதியேதான். அப்படியானால் 11.20 சரியா, 4.15 சரியா? கப்பல் காலை 6 மணிக்கே வந்துவிடும் என்று போட்டிருக்கிறார்கள்.

—

முத்துநகர்க் கடலோடி எழுதியது:

4.15தான். 6 மணிக்குக் கப்பல் வருவது உண்மை, ஆனால் 6 மணிக்கு நீங்கள் இறங்க முடியாது. கரையோரம் கட்டி, துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்து, முதல் ஆள் இறங்கவே 7 மணிவாக்கில் ஆகும். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் முதல் வரிசை. உங்கள் பெட்டிகளை முந்தைய இரவே அட்டை கட்டி அறை வாசலில் வைத்துவிடுவீர்கள், நடுராத்திரிக்குள் ஊழியர்கள் எடுத்துப் போவார்கள். காலையில் அட்டையின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடும்போது இறங்கி, கரையில் உள்ள கூடத்தில் பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். சக்கர நாற்காலி கேட்டவர்களுக்குத் தனிக் காத்திருப்பு இடம் தருவார்கள், ஆள் தள்ளிக்கொண்டு போவார், அதற்கு முறை வர வேண்டும். 9 மணிக்குக் கார் ஏறினால் நன்று என்று வையுங்கள். விமான நிலையம் 10 மணிக்கு. 11.20 விமானத்தின் கவுன்டர் 10.20க்கு மூடிவிடும். இது வேண்டாத பதற்றம்.

முந்தைய இரவு பெட்டி கட்டும்போது பாஸ்போர்ட்டையும் இன்சுலினையும் காலையில் போடும் உடையையும் அதற்குள் வைத்துவிடாதீர்கள். பெட்டி போனபிறகு இரவு ஒரு மணிக்கு எங்கள் மேசைக்கு ஓடி வந்து பாஸ்போர்ட் பெட்டிக்குள் போய்விட்டது என்று அழுதவர்களை எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறேன்.

அன்றைய தினத்துக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்துவார்கள். அதிகாலை 3 மணி 2 மணியாகும். நீங்கள் இறங்கும் 25ஆம் தேதிதான் அந்த ஞாயிறு. கைபேசி தானாக மாறும், அப்பாவின் கைக்கடிகாரம் மாறாது. கிரீஸும் துருக்கியும் வேறு இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுபவை. வழியில் கப்பலின் கடிகாரத்தை மாற்றுவார்கள், சில கப்பல்களில் மாற்றாமலே ஓட்டுவார்கள். ஊர் சுற்றப் போகும்போது எப்போதும் கப்பலின் நேரத்தையே பாருங்கள். அறைக்கு வரும் தினசரித் தாளில் அது அச்சிட்டிருக்கும்.

சக்கர நாற்காலியை விமான நிறுவனத்திடமும் கப்பல் நிறுவனத்திடமும் தனித்தனியாகக் கேட்டு உறுதிக் கடிதம் வாங்குங்கள். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 48 மணி நேரம் முன்பு சொன்னால் போதும், ஆனால் டிக்கெட் போடும் அன்றே சொல்லிவிடுங்கள். சாண்டோரினியில் கப்பல் கரையில் கட்டாது; சிறு படகில் இறங்கிப் போக வேண்டும், மேலே ஊருக்குப் போகக் கேபிள் கார். அப்பாவுக்கு அது முடியுமா என்று கப்பலின் வரவேற்பு மேசையில் முந்தைய நாளே பேசுங்கள். மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாலே அந்த மலைமுகடும் வெள்ளை வீடுகளும் முழுதாகத் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு எப்படிப் போகிறீர்கள்?

—

வெண்ணாற்றங்கரை எழுதியது:

16ஆம் தேதி சோழன் எக்ஸ்பிரஸில் ஏறி மாலையில் தாம்பரத்தில் இறங்கலாம் என்றிருந்தோம். இப்போது மழையைப் பற்றிப் படித்தபின் 15 இரவு உழவன் எக்ஸ்பிரஸிலேயே போகிறோம். குரோம்பேட்டையில் சித்தி வீடு இருக்கிறது. பகல் முழுக்க அங்கே படுத்து எழுந்து, இரவு சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் போனால் அப்பாவுக்கும் அலுப்பு இருக்காது. ரயில் தாமதமானாலும் ஒரு பகல் கையில் இருக்கிறது.

அப்படியும் ஏதோ காரணத்தால் ரோமில் கப்பலைத் தவறவிட்டால்? அம்மா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

—

முத்துநகர்க் கடலோடி எழுதியது:

கப்பல் சீட்டில் ஓர் அவசரத் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு துறைமுகத்துக்கான ஏஜென்டின் எண்ணும் இருக்கும். அதைத் தாளில் எழுதி அம்மாவின் பையிலும் ஒன்று வையுங்கள். தாமதம் உறுதியானதும் தோஹாவிலிருந்தே அழையுங்கள். இறங்கியபின் அழைக்கலாம் என்று இருக்க வேண்டாம். நீங்கள் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளக் கப்பல் நிறுவனம் அனுமதிக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும். சொல்லாமல் விட்டால் வராதவர்கள் என்று எழுதி அறையை ரத்து செய்யவும் கூடும். உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு, அடுத்த துறைமுகம் இத்தாலிக்குள்ளேயே இருக்கும் மெசினா. தவறவிட்டால் அங்கே பிடித்துவிடலாம். அதையும் விட்டால் குசாதாசிதான், வேறு நாடு, வேறு விசா. மெசினாவுக்குப் போகும் வழியைத் தங்கை சொல்லட்டும்.

—

பலெர்மோத் தமிழச்சி எழுதியது:

ரோமிலிருந்து சிசிலிக்கு இரவுப் புகையிரதம் இருக்கிறது. வில்லா சான் ஜியோவானியில் வண்டிப் பெட்டிகளைப் பிரித்துப் பெரிய படகுக்குள் ஏற்றி நீரிணையைக் கடந்து மெசினாவில் இறக்குவார்கள். படுக்கை வசதி உண்டு. அல்லது ரோமிலிருந்து சிசிலியில் உள்ள கத்தானியாவுக்கு விமானம், அங்கிருந்து மெசினாவுக்கு நெடுஞ்சாலையில் சுமார் 95 கிலோமீட்டர். முதியவர்களோடு என்றால் நான் விமானத்தைத்தான் சொல்வேன். அம்மாவிடம் சொல்லுங்கள், மெசினாவில் கப்பல் நிற்கும் இடம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது, பேராலயத்துக்கு நடந்தே போகலாம், மதியம் 12 மணிக்கு அதன் மணிக்கூண்டில் வெண்கலச் சிங்கம் கர்ச்சிக்கும், சேவல் கூவும். அதை எப்படியும் பார்க்கத்தானே போகிறார்.

அக்டோபர் 7ஆம் தேதி வேலைநிறுத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு 17, 18, 25 மூன்று நாட்களுக்கும் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன் அக்கா. அதற்குப் பிறகு புதிதாக ஏதும் அறிவித்தாலும் எழுதுவேன். வாகனத்தை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள், விமான எண்ணையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள், தாமதமானாலும் நிற்பார்கள்.